மேடம் சுத்து

பன்னிரண்டு வருஷம் மாடியிலிருந்தும் பாலத்திலிருந்தும் ஓடுகிற வண்டியிலிருந்தும் விழுந்தவள், விழுந்ததற்கு அத்தாட்சியாக ஒரு துண்டுக் காகிதம் வாங்கிவிட வேண்டும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முடிவு செய்தாள். கேட்டால் சிரிப்புதான் வரும். தெருவில் வழுக்கி விழுந்தவனுக்கே பத்து சாட்சி கிடைக்கும். இவள் விழுந்ததை ஊர் உலகமே டிக்கெட் வாங்கிப் பார்த்திருக்கிறது. விழுந்தது இவள்தான் என்று சொல்ல மட்டும் ஒருத்தர் கிடையாது.

படப்பிடிப்புத் தளத்தில் அவளுக்குப் பெயர் ரிப்பன். ஏழு வயதிலிருந்து இருபது வயதுவரை ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸில் இருந்தவள். கையில் நீளமான ரிப்பனையோ வளையத்தையோ வைத்துக்கொண்டு, இசைக்கு ஏற்ப ஒன்றரை நிமிஷம் வளைந்து, தாவி, சுழன்று காட்டுகிற விளையாட்டு. பார்ப்பவர்களுக்கு அது நடனம். ஆடுபவர்களுக்குத் தினமும் எட்டு மணிநேர வதை. அந்த விளையாட்டில் இருபது வயது என்றால் கிழவி. ஒரு கேடயமும் பூங்கொத்தும் கையில் கொடுத்து, போய் வா தாயே என்று அனுப்பிவிட்டார்கள். மற்ற பெண்கள் வாழ்க்கையைத் தொடங்குகிற வயதில் இவள் பணி ஓய்வு பெற்றாள்.

அடுத்த இரண்டு வருஷத்தில் சண்டைப் பயிற்சி மாஸ்டர் ஒருவர் கண்ணில் பட்டாள். உயரம், இடுப்பளவு, முதுகுப் பக்கமிருந்து பார்த்தால் தெரிகிற தோள்பட்டை எல்லாம் ஒரு கதாநாயகியோடு அச்சாகப் பொருந்தின. முகம் பொருந்தவில்லை, முகத்தை யாரும் கேட்கவும் இல்லை. அன்றிலிருந்து அவள் மேடத்துக்கு டூப். மேடம் மாடி விளிம்புவரை ஓடி வருவார். கேமரா நிற்கும். விளிம்பிலிருந்து கீழே போவது ரிப்பன். கீழே தரையிலிருந்து தூசி தட்டி எழுந்திருப்பது மறுபடி மேடம்.

மேடம் டூப் வைத்துக்கொள்ளாதவர், எல்லாச் சண்டையும் தானே போடுபவர் என்பது ஊரறிந்த செய்தி. சுவரொட்டியிலும் அதுதான், பேட்டியிலும் அதுதான். அந்தச் செய்தி உயிரோடு இருக்க வேண்டுமானால் ரிப்பன் என்று ஒருத்தி இருக்கக் கூடாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அந்தப் பூசணிக்காய் இவள்தான். ஒவ்வொரு படத்துக்கும் புது ஒப்பந்தம் போடுவார்கள். வரிகள் மட்டும் மாறாது: வெளியே வாய் திறந்தால் அவளுக்கும் அவள் வீட்டுக்காரனுக்கும் இந்தத் தொழிலில் இனி இடமில்லை.

வீட்டுக்காரனை ஏன் அதில் இழுத்தார்கள் என்றால், அவனும் அதே கூட்டத்தில்தான் இருந்தான். அவளைத் தூக்கி இறக்குகிற கம்பிக்கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கிறவன். தளத்தில் அவன் பெயர் கயிறு. ரிப்பனும் கயிறும் கல்யாணம் செய்துகொண்டபோது, "முடிச்சு விழாம பார்த்துக்குங்கப்பா" என்று மாஸ்டர் வாழ்த்தினார். முடிச்சு அதற்கு முன்பே விழுந்திருந்தது. இரண்டு கையெழுத்தும் ஒரே தாளில் இருந்தன.

சாப்பாட்டு விஷயத்தைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மேடம் இளைத்தால் ரிப்பன் இளைக்க வேண்டும். மேடம் வெறும் பச்சைக் காய்கறியில் இறங்கினால் இவள் வீட்டிலும் அடுப்பு அணையும். மேடத்துக்குக் குழந்தை பிறந்து பத்து கிலோ கூடியது. உடனே மேடத்தின் மேனேஜர் ஃபோன் பண்ணி, "நீயும் கொஞ்சம் ஏத்தும்மா" என்றார். பிள்ளை பெறாமலே அந்த வருஷம் பிள்ளைப்பேற்று உடம்பு வந்தது. ஆறு மாதத்தில் மேடம் இறக்கினார், இவளும் இறக்கினாள். முடியை வெட்டியதும் நிறம் மாற்றியதும் இதே கணக்குதான். போதாததற்கு, மேடம் நடக்கும்போது இடது தோளைக் கொஞ்சம் முன்னால் தள்ளி நடப்பார். அந்த நடையைப் பழக இவள் ஒரு மழைக்காலம் முழுக்கக் கண்ணாடி முன்னால் நடந்தாள்.

இப்போது சுத்து விஷயத்துக்கு வர வேண்டும். எட்டு வருஷம் முன்னால் ஒரு பாலத்துக் காட்சி. கைப்பிடிச் சுவர்மேல் ஓடி வந்து அப்படியே கீழே விழ வேண்டும், அவ்வளவுதான். ஓடி வந்தவளுக்குக் கால் வழுக்கியது. ரிப்பன் ஆட்டத்தில் ஒரு சட்டம் உண்டு: என்ன நடந்தாலும் ரிப்பன் அசையாமல் கிடக்கக் கூடாது, கிடந்தால் மதிப்பெண் போய்விடும். பதிமூன்று வருஷம் அடித்துப் பழக்கிய கை அது. கால் வழுக்கிய அந்த நொடியில் முதுகு பின்னால் வளைந்தது, இடது கை நெஞ்சோடு ஒட்டியது, வலது கை தலைக்கு மேல் பெரிதாக ஒரு வட்டம் போட்டது. கையில் ரிப்பன் இல்லை என்பது கைக்குத் தெரியவில்லை. முழுக்க முழுக்கத் தப்பு. அவளும் மறுபடி எடுக்கச் சொல்வார்கள் என்றுதான் காத்திருந்தாள். மாஸ்டர் திரையைப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும், நல்லா இருக்கு" என்றார்.

அந்தத் தப்பைத்தான் ஊர் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் முதுகை வளைத்துத் தலைக்கு மேல் கையைச் சுற்றின. கல்லூரி விழாக்களில் சுற்றினார்கள். பல் விளக்கும் பசை விளம்பரத்தில்கூட ஒருத்தி சுற்றினாள். அதற்கு 'மேடம் சுத்து' என்று பெயரும் வந்துவிட்டது.

அவள் மகளுக்குப் பத்து வயது. வாலு என்று கூப்பிடுவார்கள், பெயருக்கு ஏற்ற பிள்ளை. குழந்தை வாயை நம்ப முடியாது என்பதால், அம்மா உடைகள் பிரிவில் வேலை பார்க்கிறாள் என்றுதான் அவளுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். உடம்பில் தெரிகிற கன்றல்களுக்கெல்லாம் துணிப்பெட்டி மேலே விழுந்தது என்று ஒரு காரணம். "அந்தப் பெட்டிக்கு உன்மேல என்னம்மா கோபம்?" என்று ஒரு நாள் வாலு கேட்டாள். இன்னொரு நாள் வீட்டில் மேடம் சுத்து சுற்றிக் காட்டினாள். முழங்கை தளர்ந்திருந்தது. அம்மா எழுந்து வந்து திருத்தப் போனாள்.

"விடும்மா, உனக்குத் தெரியாது. மேடம் இப்படித்தான் வைப்பாங்க" என்றாள் வாலு.

ரிப்பன் போய் உட்கார்ந்து வெங்காயத்தை நறுக்கினாள். கண் கலங்குவதற்கு வெங்காயம் இருந்தது வசதியாகப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை முடிவுக்குக் காரணம் இடுப்பு. வலது இடுப்பு மூட்டு தேய்ந்து, படியேறும்போது உள்ளே நறநற என்றது. யாருக்கும் தெரியாமல் போய்க் காட்டியபோது டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இன்னொரு தடவை பலமா விழுந்தீங்கன்னா இந்த மூட்டை எடுத்துப் போட்டுட்டு வேறதான் வைக்கணும். நடப்பீங்களான்னு என்னால சொல்ல முடியாது" என்றார். அடுத்த படம் ஒன்றாம் தேதி ஆரம்பம். முதல் காட்சியே தண்ணீர்த் தொட்டி கோபுரத்திலிருந்து குதிப்பது. அதற்கான ஒப்பந்தத்தில் வெள்ளிக்கிழமை கையெழுத்து.

கையெழுத்துப் போடாமல் விலகிவிடலாம்தான். வாயை மூடிக்கொண்டு விலகினால் கயிற்றின் வேலைக்கும் ஆபத்தில்லை. ஆனால் விலகிப் போய் என்ன செய்வது? வந்தது ஒரு வழி: நகரத்தின் மறுகோடியில் இருந்த விளையாட்டுப் பள்ளி ஒன்று ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லிக்கொடுக்க ஆள் தேடியது. குதிக்க வேண்டாம், பிள்ளைகளைக் குதிக்க வைத்தால் போதும். விண்ணப்பத்தில் ஒரே ஒரு நிபந்தனை: கடைசிப் பத்து வருஷம் இதே துறையிலோ இதற்கு நெருங்கிய துறையிலோ வேலை செய்ததற்குச் சான்று. அவளிடம் இருபது வயதுவரை ஒரு பெட்டி நிறையச் சான்றிதழ் இருந்தது. அதற்குப் பிறகு அவள் வாழ்ந்ததற்கே சான்று கிடையாது.

"மேடம்கிட்டயே கேளு" என்றான் கயிறு. "படத்துப் பேரு போட வேண்டாம், டூப்னு எழுத வேண்டாம். இவங்க எனக்கு உடற்பயிற்சி சொல்லிக் குடுத்தாங்கன்னு ரெண்டு வரி எழுதித் தரச் சொல்லு. அதுல என்ன குடி முழுகிடும்?"

மேடத்தின் வண்டி தளத்துக்குப் பின்னால் நின்றது. உள்ளே குளிரூட்டி, சோபா, விளக்கு சூழ்ந்த கண்ணாடி. மேடம் வெள்ளரித் துண்டுகளை முள்கரண்டியால் குத்தித் தின்றுகொண்டிருந்தார்.

"வா ரிப்பன், உட்காரு. ஏன் நிக்கிற?"

மேடம் எப்போதும் உட்காரச் சொல்வார். வாலுவின் பிறந்தநாளை நினைவு வைத்திருப்பார். ரிப்பனுக்குத் தோள் எலும்பு முறிந்தபோது ஆஸ்பத்திரிக்கு முகத்தை மூடிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து அழுதவர். கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ சண்டை போட்டுவிட்டு வெளியே வந்திருக்கலாம். நல்லவர்களிடம் மாட்டிக்கொண்டால் சீக்கிரத்தில் வெளியே வர முடியாது.

அவள் விஷயத்தைச் சொன்னாள். இடுப்பைச் சொன்னாள், பள்ளியைச் சொன்னாள், ரெண்டு வரியைச் சொன்னாள். மேடம் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"இடுப்பா? எனக்கும் இதே பக்கம்தான் ரிப்பன்" என்று தன் வலது இடுப்பைத் தடவிக்கொண்டார். "குளிர்காலம் வந்தா ராத்திரி திரும்பிப் படுக்க முடியல. நாம விழுந்தது கொஞ்சமா, சொல்லு. அந்தப் பாலம் ஒண்ணு போதாதா?"

ரிப்பன் அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை. கை நிஜமாகவே வலிக்கிற இடத்தைத்தான் தடவியது. பாலத்துக் காட்சி எடுத்த அன்று மேடம் இந்த வண்டியில்தான் உட்கார்ந்திருந்தார், மழை வரும்போலிருக்கிறது என்று குடை கேட்டு அனுப்பினார். ஆனால் எட்டு வருஷமாக ஒவ்வொரு பேட்டியிலும் அந்தப் பாலத்தைப் பற்றிச் சொல்லி வந்திருக்கிறார். சொல்லச் சொல்ல இடுப்பும் வலிக்கத் தொடங்கிவிட்டது போலும்.

"கடிதம்தானே? கண்டிப்பா தரேன். நீ போறது எனக்குக் கஷ்டம்தான், ஆனா உன் நல்லதுதான் எனக்கு முக்கியம். மேனேஜர்கிட்ட சொல்றேன்" என்றார் மேடம். எழுந்து அவளைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேர் தோளும் ஒரே உயரத்தில் இருந்தன.

கடிதம் மறுநாள் வந்தது. கெட்டியான தாள், மேலே மேடத்தின் பெயர் பொன்னிறத்தில். கயிறு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தான். "இவர் கடந்த பன்னிரண்டு ஆண்டுகளாக என்னுடைய தனி உதவியாளராகப் பணியாற்றியுள்ளார். எனது உடைகளையும் உடைமைகளையும் நேர்மையுடன் பாதுகாத்தவர். நல்லொழுக்கம் உடையவர்."

தாளைத் திருப்பி, பின்பக்கத்திலாவது ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தான். பிறகு சொன்னான். "உன் ஒழுக்கத்தைப் பத்தி யார் இப்ப கேட்டா?"

"மேனேஜர் எழுதியிருப்பார். மேடம் படிச்சுக்கூடப் பார்த்திருக்க மாட்டாங்க."

"படிச்சிருந்தா மட்டும்? அவங்களுக்கு இது பொய்யாவே தெரிஞ்சிருக்காது." கடிதத்தை மடித்து உறையில் போட்டான். "நான் வேணா வந்து சொல்றேன். இவளைப் பன்னெண்டு வருஷம் கயித்துல பிடிச்சவன் நான்தான்னு சொல்றேன். போனா வேலைதானே போகும்."

"போனா வேலைதானேன்னு சொல்றீங்க. உங்களுக்கு வேற என்ன தெரியும்?"

"கயிறு பிடிக்கத் தெரியும்."

"அதைத்தான் சொல்றேன். அந்தக் கயித்தை வச்சுக்கிட்டு வேற எங்க போவீங்க?"

அவனுக்கு நாற்பத்தைந்து வயது. புலி வாலைப் பிடித்தவன் கதைதான். விட்டால் கடிக்கும், விடாவிட்டால் அதுவே இழுத்துக்கொண்டு ஓடும். கடைசியில், கிடைத்த கடிதத்தோடு போய்ப் பார்ப்பது, கேட்டால் செய்து காட்டுவது, வாயைத் திறப்பதில்லை என்று முடிவாயிற்று. கை பேசினால் போதாதா, வாய் எதற்கு என்று அவள் நினைத்தாள். பாவம்.

வியாழக்கிழமை காலை விளையாட்டுப் பள்ளியின் கூடத்தில் ரப்பர் வாசனை அடித்தது. மெல்லிய தரைவிரிப்பு, சுவரோரம் வளையங்கள், உருளைகள். பதினான்கு வருஷம் கழித்து அந்த விரிப்பில் வெறுங்காலை வைத்ததும் அவள் கால் விரல்கள் தாமாக நீண்டன. மேசைக்குப் பின்னால் ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பள்ளியின் தலைவி, முன்னாளில் நீச்சல்காரர், மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். இன்னொருவர் பள்ளியின் டாக்டர், தலை நரைத்தவர், கையில் கட்டைப் பேனா.

தலைவி பழைய சான்றிதழ்களைப் புரட்டினார். கடிதம் உறைக்குள்ளேயே இருந்தது. "இதெல்லாம் அருமை. ஆனா ரொம்பப் பழசு. முதல்ல கொஞ்சம் செஞ்சு காட்டுங்களேன்" என்று ஒரு ரிப்பனை நீட்டினார்.

அவள் தொடங்கினாள். மணிக்கட்டு எதையும் மறக்கவில்லை. ரிப்பன் தரையில் பாம்பாக ஓடியது, சுருளாக எழுந்தது. கால்தான் தோளுக்கு மேலே போக மறுத்தது. இடுப்பு உள்ளே ஊசி போட்டது. வலியை மறைக்க அவள் வேகமாகத் திரும்பினாள். திரும்பிய இடத்தில் உடம்பு தானாக அதைச் செய்தது. முதுகு வளைந்தது, இடது கை நெஞ்சுக்கு வந்தது, வலது கை தலைக்கு மேல் வட்டமிட்டது. அவள் உடம்பில் மிச்சமிருந்ததிலேயே நல்லது அதுதான்.

தலைவி சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, அலுத்த சிரிப்பு.

"நீங்களும் மேடம் சுத்தா? காலையிலேர்ந்து மூணு பேர் வந்தாங்க, மூணு பேரும் இதையேதான் பண்ணாங்க. நல்லாத்தான் பண்றீங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா மேடத்தைப் பார்த்துப் பண்றதுக்கு நீங்க எதுக்கு? உங்களோடதா ஏதாவது காட்டுங்க."

உங்களோடதா என்ற சொல் அவளை அப்படியே நிறுத்தியது. சரி என்று தலையை ஆட்டிவிட்டு விரிப்பின் மூலைக்கு நடந்தாள். அங்கிருந்து புதிதாக ஆரம்பிக்கலாம் என்று எண்ணம்.

"பாருங்க, நடையும் மேடம் நடைதான்" என்று தலைவி டாக்டரிடம் மெதுவாகச் சொன்னது அவள் காதில் விழுந்தது.

ஆமாம், இடது தோள் முன்னால் இருந்தது. அவள் அதைப் பின்னால் இழுத்தாள். இழுத்ததும் எப்படி நடப்பது என்றே தெரியவில்லை. இருபத்திரண்டு வயதுக்கு முன்னால் தான் எப்படி நடந்தோம் என்று யோசித்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை. சின்ன வயதில் கோச் சொல்லிக்கொடுத்தது எதையும் செய்ய இடுப்பு விடாது. அதற்குப் பிறகு கற்றது எல்லாம் மேடத்துடையது. மேடத்துடையதில் இருந்த ஒரே நல்ல விஷயம் இவளுடையது, அதையும் இப்போது காட்டியாகிவிட்டது. ஆப்பசைத்த குரங்கு மாதிரி வால் எங்கே மாட்டியிருக்கிறது என்று தெரிகிறது, எடுக்கத்தான் தெரியவில்லை. கையில் ரிப்பன் அசையாமல் தரையில் கிடந்தது.

டாக்டர் எழுந்து வந்தார். அவளை ஒரு பெஞ்சில் உட்காரச் சொல்லி, வலது முழங்காலைத் தூக்கி மெல்ல உள்ளும் வெளியும் திருப்பினார். அவள் பல்லைக் கடித்தாள்.

"இது எப்படி ஆச்சு?"

"குளியலறையில வழுக்கிட்டேன் சார்."

"எத்தனையாவது மாடியிலேர்ந்து?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "நான் முப்பது வருஷமா மூட்டு பார்க்கிறேன். இது ஒரு நாள்ல ஆனதில்ல. ஒரே பக்கமா, திரும்பத் திரும்ப, உயரத்திலேர்ந்து விழுந்த இடுப்பு. நீங்க என்ன வேலை பார்த்தீங்க?"

பன்னிரண்டு வருஷத்தில் ஒருத்தர் முதல் முறையாகக் கேட்டார். அதுவும் விடையைப் பாதி தெரிந்துகொண்டு கேட்டார். வாயைத் திறந்தால் போதும். பாலத்தைச் சொல்லலாம், வழுக்கிய காலைச் சொல்லலாம், ரிப்பனில்லாத கை ஏன் சுற்றியது என்று இந்தக் கூடத்தில் இருக்கிறவர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரிந்துவிடும், வேறு யாருக்கும் புரியாது. அதே நேரத்தில் கயிறு நகரத்தின் அந்தக் கோடியில், ஏதோ ஒரு சாரத்தின் உச்சியில் உட்கார்ந்து கப்பி மாட்டிக்கொண்டிருப்பான். இன்று மாலைக்குள் மாஸ்டர் அவனைக் கீழே இறங்கச் சொல்வார்.

"துணிப்பெட்டி தூக்குற வேலை சார்" என்றாள்.

டாக்டர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் இடத்துக்குப் போய்விட்டார்.

தலைவி அதற்குள் உறையைப் பிரித்திருந்தார். பொன்னிற எழுத்தைக் கண்டதும் மூக்குக்கண்ணாடி மூக்குக்கு ஏறியது. "மேடம்கிட்டயா இருந்தீங்க? பன்னெண்டு வருஷமா? இதை முதல்ல சொல்லக் கூடாதா?" கடிதத்தின் கீழே இருந்த எண்ணை அழுத்தினார். மேனேஜர் எடுத்தார், கொஞ்ச நேரம் ஏதோ இசை ஓடியது, பிறகு மேடமே வந்துவிட்டார். தலைவி பரபரப்பில் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு ஃபோனை மேசைமேல் வைத்தார்.

"யாரு, என் ரிப்பனா?" மேடத்தின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "தங்கமான பொண்ணுங்க. கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கலாம்."

"மேடம், உங்க சுத்தை அப்படியே பண்றாங்க. அதான் கேட்கலாம்னு."

"பண்ணாம? நான் சொல்லிக் குடுத்ததுதானே. எங்கூடவே இருந்து பார்த்துப் பார்த்துப் பிடிச்சுக்கிட்டா. எவ்வளவோ பேர் பண்றாங்க, கை அந்த இடத்துல வராது. அவளுக்கு மட்டும் வரும். ஏன்னா அவ நேரா எங்கிட்டயே கத்துக்கிட்டவ."

ரிப்பன் அந்தக் குரலைக் கவனமாகக் கேட்டாள். மேடம் பொய் சொல்லும்போது சொற்களுக்கு நடுவில் மெல்லிதாக மூச்சு வாங்குவார். பேட்டிகளில் நூறு தடவை கேட்டிருக்கிறாள். இப்போது மூச்சு வாங்கவில்லை. ஓர் அக்கா தங்கைக்காகப் பேசுகிற மாதிரி, உரிமையோடும் பெருமையோடும் பேசினார். உதவி செய்ய வேண்டும் என்று நிஜமாகவே விரும்பினார். உதவியும் செய்துவிட்டார்.

ஃபோனை வைத்ததும் தலைவியின் முகம் மாறிவிட்டது. வேறு பேச்சே இல்லை. ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. 'மேடம் சுத்து' என்றே ஒரு தனி வகுப்பு, ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை. நாளைக்கு அறிவித்தால் நாளை மறுநாள் வரிசை நிற்கும். மேடம் படத்தைக் கூடத்துச் சுவரில் பெரிதாக மாட்டலாம். அதற்குக் கீழே 'மேடத்திடம் நேரடியாகப் பயின்றவர்' என்று இவள் பெயரும் வரும்.

"என் பேரா?" என்றாள் ரிப்பன்.

"பின்னே? உங்க பேர்தான்."

படிவம் வந்தது. 'யாரிடம் பயின்றவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அவளுடைய கோச் ஞாபகத்துக்கு வந்தாள். குரல் கட்டிப் போகும்வரை கத்துகிறவள், ரிப்பனை நிறுத்தாதே, நிறுத்தாதே என்று பிரம்பால் மணிக்கட்டில் தட்டியவள். பேனா அந்தக் கட்டத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. தண்ணீர்த் தொட்டி கோபுரமும் ஞாபகத்துக்கு வந்தது. அவள் மேடத்தின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தப் பக்கம் போட வேண்டிய வெள்ளிக்கிழமைக் கையெழுத்துக்குப் பதிலாக இது. டாக்டர், குதிப்பதற்குத் தகுதி இல்லை, கற்பிப்பதற்குத் தகுதி உண்டு என்று இரண்டு வரி எழுதி, அவளை நிமிர்ந்து பார்க்காமலே தாளைத் தள்ளினார்.

சாயங்காலம் வீட்டில் கயிற்றுக்குத்தான் முதலில் சொன்னாள், ஒன்று விடாமல் சொன்னாள். அவன் கையைக் கழுவிக்கொண்டே கேட்டான். கழுவி முடித்த பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"இடுப்பு பிழைச்சுது. அதைப் பாரு" என்றான் கடைசியில்.

"அதைத்தான் பார்க்கிறேன்."

"நாளைக்கே போய் அந்தக் கட்டத்தை அடிச்சு எழுதிட்டு வரலாம். சொல்லு, நானும் வரேன்."

"எழுதினா யார் நம்புவா? மேடமே நம்ப மாட்டாங்க."

அடுத்த அறையிலிருந்து வாலு ஓடி வந்தாள். சுவருக்குக் காது உண்டோ இல்லையோ, இந்த வீட்டில் வாலுவுக்கு உண்டு. பாதிதான் கேட்டிருந்தாள், அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

"அம்மா, நீ மேடம்கிட்ட சுத்து கத்துக்கிட்டியா? நேரா அவங்ககிட்டயேவா?"

ரிப்பன் கயிற்றைப் பார்த்தாள். அவன் குழாயை மூடினான்.

"ஆமா" என்றாள்.

"ஏம்மா இத்தனை நாள் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு இருந்துச்சு."

"இப்ப சொல்லலாமா?"

"இப்ப சொல்லலாம்."

வாலு அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள், சரியாக வலிக்கிற பக்கம். பத்து வருஷத்தில் அந்தப் பிள்ளை தன் அம்மாவை இப்படி அண்ணாந்து பார்த்ததில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்று விரல் விட்டு எண்ணினாள். ரிப்பனுக்கு அந்தப் பார்வை வேண்டியிருந்தது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் வேண்டியிருந்தது.

"அந்தப் பாலத்துல மேடம் முதல் தடவை சுத்தினாங்களே, அப்ப நீ இருந்தியா? முதல்லேர்ந்து சொல்லு."

அவள் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். "மேடம் கைப்பிடிச் சுவர்மேல ஏறி நின்னாங்க. காத்து வேற பலமா அடிச்சுது. சுவரு ஒரு சாண் அகலம்தான், அதுவும் ஈரம். கீழ பார்த்தா ஆத்துத் தண்ணி கறுப்பா இருந்துச்சு. ஓடு ஓடுன்னு மாஸ்டர் கத்துறார், ஓட ஆரம்பிச்சதும் நாலாவது அடியில கால் வழுக்குது."

"ஐயோ. மேடத்துக்குப் பயமா இல்லையா?"

"ரொம்பப் பயம். அம்மான்னு கத்தணும்போல இருந்துச்சு, வாய்லேர்ந்து சத்தமே வரல."

கயிறு எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

"அப்ப நீ எங்கம்மா இருந்த?" என்றாள் வாலு.

"நானா? நான் கீழ குடை பிடிச்சுக்கிட்டு நின்னு பார்த்துட்டு இருந்தேன்."